இளஞ்சிவப்புப் பூ ஸ்ட்ராபெரியிடம் பழம் கேட்காதீர்கள்

லண்டனில் நான் பணிபுரியும் நர்சரிக்கு, பழம் பிடிக்காத ஸ்ட்ராபெரிச் செடிகள் இந்த ஆண்டும் தொட்டியோடு வரத் தொடங்கிவிட்டன. அண்மையில் வந்த ஒன்றைப் பார்த்து மனம் நொந்துபோனேன். இலைகள் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றன. தொட்டியின் விளிம்பில் உரம் வெள்ளையாகப் படிந்திருந்தது. பூ ஒன்றுகூட இல்லை. "தம்பி, போன வருசமும் பழம் வரேல்லை, இனி என்ன உரம் போடுறது?" என்று கேட்டார் கொண்டுவந்த அம்மா. உரமே போட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

அவரிடம் இருந்தது 'பிங்க் பாண்டா'. பிரிட்டனில் 1980களின் இறுதியில் விற்பனைக்கு வந்த இந்த இரகம், தோட்ட ஸ்ட்ராபெரியையும் சதுப்பு நிலங்களில் கருஞ்சிவப்பாகப் பூக்கும் கோமாரம் என்ற உறவுச் செடியையும் கலந்து உருவாக்கப்பட்ட வழியில் வந்தது. பூவின் நிறம் அந்தச் சதுப்புச் செடியிடமிருந்து கிடைத்தது. அடர்சிவப்பாகப் பூக்கும் 'லிப்ஸ்டிக்' இரகமும் இதே வகையைச் சேர்ந்தது. இரண்டும் மாதக்கணக்கில் பூக்கும். பழமோ அங்கொன்று இங்கொன்றாகவே வரும்.

"ஆண் செடி பக்கத்தில் இல்லை, அதனால்தான் காய்க்கவில்லை" என்ற பேச்சு எங்கிருந்தோ பரவியிருக்கிறது. இதைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது என்றாலும் மீண்டும் விளக்குகிறேன். பிரெஞ்சுக்காரரான ஃப்ரெசியே 1714இல் சிலி நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த பெரும்பழ ஸ்ட்ராபெரிச் செடிகள் பெண் செடிகளாக இருந்தன. மகரந்தம் தரும் துணையின்றி அவை காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜீனிய இனத்தோடு அவை கலந்ததால்தான் இன்று நாம் உண்ணும் தோட்ட ஸ்ட்ராபெரி பிறந்தது என்பதை 1766இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் துஷேன் விளக்கினார். ஆகவே அந்தப் பேச்சு அன்றைய சிலிச் செடிக்குப் பொருந்தும். இன்று கடையில் விற்கும் இரகங்களுக்குப் பொருந்தாது. இவற்றின் பூவைக் கையிலெடுத்துப் பாருங்கள்: நடுவில் சூலகங்கள் குவிந்த மஞ்சள் மேடு, அதைச் சுற்றி மகரந்தப் பைகள், இரண்டும் ஒரே பூவில் இருக்கின்றன. 'பிங்க் பாண்டா' பழம் தராதிருப்பது அதன் பிறப்புக் குணம். இன்னொரு செடியை வாங்கி அருகில் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. தழைச்சத்து உரத்தைக் கொட்டினால், இருக்கும் பூவும் போய் இலைதான் மிஞ்சும்.

பழமும் வேண்டும், நிறப் பூவும் வேண்டும் என்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 'டோஸ்கானா' போல விதையிலிருந்து வளர்க்கும் வீரிய ஒட்டு இரகங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து உண்ணத்தக்க பழமும் தருகின்றன. அவற்றின் பழத்திலிருந்து விதை எடுத்து விதைக்காதீர்கள். தாயின் குணம் அப்படியே வராது. நீலநிற ஸ்ட்ராபெரி விதை என்று இணையத்தில் விற்பதை வாங்கவே வேண்டாம், அப்படியொரு பழம் கிடையாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது 'பிங்க் பாண்டா' பரவும் வேகம். அதன் ஓடுதண்டு மண்ணைத் தொட்ட கணுவில் வேர் இறங்கி, ஒரு பருவத்துக்குள் பக்கத்துப் பாத்தியை மூடிவிடும். மரத்தடியில் வெறுந்தரையை மறைக்க அது அருமையான செடி. காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் தொல்லை. அங்கே நடாதீர்கள், நட்டுவிட்டால் ஓடுதண்டுகளை வேர்விடும் முன்னே வெட்டுங்கள். வெட்டியதைக் கால்வாய்க் கரையிலோ காட்டோரத்திலோ வீசிவிடாதீர்கள், அங்கேயும் அது வேர்விடும். நடும்போது குருத்து மண் மட்டத்தில் இருக்கட்டும், புதைந்தால் அழுகும். இலை விளிம்பு கடிபட்டு, நீர் ஊற்றியும் செடி வாடினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வளைந்து கிடக்கும் வெண்ணிறப் புழுக்கள் கூன்வண்டினுடையவை.

உறவினருக்குக் கன்று கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூ இல்லாத காலத்தில் அலங்கார வகையையும் பழ வகையையும் இலையைக் கொண்டு பிரித்தறிவது எங்களுக்கே கடினம். வெள்ளையாகப் பூத்து நன்றாகக் காய்த்த செடியின் பக்கத்தில் பூக்கும் பருவத்திலேயே ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். ஆகஸ்டில் அந்தச் செடியிலிருந்து ஓடும் தண்டைப் பிடித்துப் பார்த்து, அதன் கன்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.