தலையா, கப்பலா: ரோமானியக் காசில் சாமி வந்த கதை

ரோமாபுரிச் சிறுவர்கள் காசைச் சுண்டிவிட்டுக் கேட்டது ‘பூவா, தலையா’ அல்ல, ‘தலையா, கப்பலா’. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வார்த்த ‘ஆஸ்’ என்ற வெண்கலக் காசில் ஒரு பக்கம் ஜானஸ், மறுபக்கம் கப்பலின் முகப்பு. ஜானஸ் வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய இரட்டை முகத் தெய்வம். அந்தப் பழைய ஆஸ் ஏறத்தாழ கால் கிலோவுக்கும் மேல். சுண்டினால் விரல் போய்விடும்! எடை குறைந்த பிறகே அது பிள்ளைகள் கைக்கு வந்திருக்கும்.

காசு இளைத்ததும் வார்ப்பு போய் அடிப்பு வந்தது. உருவம் வெட்டிய அச்சு ஒன்று பட்டடையில் பொருத்தப்பட்டிருக்கும். உலோக வில்லையை அதன்மேல் வைத்து, இன்னோர் அச்சை மேலே நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் இரு பக்கமும் ஒன்றாகப் பதியும். அடி நேராக விழுவது மேல் அச்சில்தான். அதனால் அதுவே முதலில் தேயும், விரிசல் விடும்; அடிக்கடி புதிதாக வெட்ட வேண்டிவரும்.

பேரரசுக் காலத்தில் அரசரின் தலை பெரும்பாலும் கீழ் அச்சில், தெய்வங்கள் மேல் அச்சில். எப்படியும் மாற்றப்போகும் அச்சு. செய்தியையும் அதிலேயே மாற்றிக்கொள்ளலாம். அரண்மனைக்கு இதைவிட வசதி வேறென்ன? காலிகுலாவின் ஆஸில் அடுப்பங்கரைத் தெய்வமான வெஸ்டா அமர்ந்திருக்கிறாள். நீரோவின் ‘செஸ்டர்ஷியஸ்’ என்ற காசில் தெய்வமே இல்லை, ஜானஸின் கோயில் மட்டும். போர் நடந்தால் அதன் கதவு திறந்திருக்கும், அமைதி வந்தால் சாத்தப்படும். காசில் கதவு சாத்தியிருக்கிறது, மேலே மாலை தொங்குகிறது. நிலத்திலும் கடலிலும் அமைதி பிறந்ததால் ஜானஸை மூடினார் என்று சுற்றிலும் எழுத்து. சுமார் 25 கிராம் எடையுள்ள அகலமான பித்தளைக் காசு என்பதால்தான் இத்தனையும் அடங்கியது.

கான்ஸ்டன்டைன் காலத்துக் காசுகள் இன்னும் சுவாரசியம். 312இல் மில்வியன் பாலப் போரில் வென்று கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்த பிறகும், சில ஆண்டுகள் அவருடைய வெண்கலக் காசுகளில் ‘வெல்லப்படாத சூரியன்’ அரசரின் தோழனாக நின்றது. பழைய சாமியை ஒரே நாளில் இறக்கிவிட அவர் துணியவில்லை என்றே எனக்குப் படுகிறது.

337இல் அவர் இறந்ததும் வந்த காசு 2 கிராம்கூடத் தேறாது. ஒரு பக்கம் முக்காடிட்ட தலை. பெயருக்கு முன்னால் ‘திவுஸ்’, அதாவது இறந்து தெய்வமான அரசர்களுக்கு ரோம் தந்துவந்த அதே பட்டம். மறுபக்கம் நான்கு குதிரைத் தேரில் அரசர் மேலே போகிறார். வானிலிருந்து ஒரு கை அவரை நோக்கி நீள்கிறது. பழைய மதத்தார் அதில் சூரியனின் தேரைக் கண்டிருக்கலாம், கிறிஸ்தவர்கள் பைபிளில் வரும் தீர்க்கதரிசி எலியா விண்ணேறிய தேரை. கான்ஸ்டன்டைனின் வரலாற்றை எழுதிய ஆயர் யூசேபியஸ் இந்தக் காசைப் பற்றியும் சொல்கிறார்: முக்காடு, தேர், மேலிருந்து நீளும் கை எல்லாம் அவர் வர்ணனையில் உண்டு. முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.