“இன்னிக்கு முட்டை வந்துச்சா கண்ணு?”: பள்ளிச் சாப்பாட்டில் பிள்ளைக்கு என்னென்ன உண்டு

“சத்துணவெல்லாம் எம்பட பையன் திங்க மாட்டானுங்க” என்று பல்லடம் பக்கத்தில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார். விசைத்தறிக்கு விடியக்காலையிலேயே போகிறவர். பையனின் டப்பாவில் அன்றைக்குத் தக்காளிச் சாதமும் ஒரு சிப்ஸ் பொட்டலமும். பத்தடி தள்ளி, சத்துணவு மையத்தில் கொண்டைக்கடலைப் புலவும் மசாலா முட்டையும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கு அங்கே என்னென்ன உண்டு என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து சொன்னதில்லை.

காலை உணவு, 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்த திட்டம். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும், தொட்டுக்கொள்ளச் சாம்பார். ஷிப்டுக்கு ஓடுகிற வீடுகள் நிறைந்த திருப்பூர், ஈரோடு பக்கம் இதன் அருமை ரொம்பவே தெரியும்.

மதியச் சாப்பாடுதான் பெரியது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, இன்றைக்கு 10ஆம் வகுப்பு வரை கிடைக்கிறது. இதில் 8ஆம் வகுப்பு வரைக்கும் உள்ளது சலுகை அல்ல. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த உரிமை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் கிடைக்க வேண்டும் என்பது மத்திய அரசு வகுத்த அளவு. அதற்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. 6 முதல் 8 வரை என்றால் 700 கலோரி, 20 கிராம் புரதம்.

முட்டை அந்தக் கணக்கில் இல்லை. அது தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்து சேர்த்துக் கொடுப்பது. வாரத்தில் 5 பள்ளி நாளும் உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. நம் வீட்டு அரிசிம்பருப்புச் சாதம் எனக்கும் உயிர்தான். ஆனால் அரிசி நிறையவும் பருப்பு பேருக்கும் போட்டுக் கிண்டினால் இந்த அளவு எங்கிருந்து வரும்? நாமக்கல்லை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டை இல்லாத டப்பாவோடு நம் பிள்ளைகள் உட்காருவது எனக்கு வலிக்கிறது.

சரி, ஒரு நாள் சமைக்கவே இல்லை என்றால்? அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்ட 2015-ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அரிசி வரவில்லை, எரிபொருள் இல்லை, சமையலர் வரவில்லை என்று சாப்பாடு நின்றுபோனால், அந்த நாளுக்கான தானியமும் சமையல் செலவுத் தொகையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து 3 பள்ளி நாளோ, மாதத்தில் 5 நாளோ நின்றால், யார் பொறுப்பு என்று மாநில அரசு கண்டுபிடித்தாக வேண்டும். பரிமாறும் முன்னால் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பதும் விதிதான்.

இவற்றைக் கேட்கிற இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், அதாவது நீங்கள். அங்கே நடக்காவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018-இல் அவிநாசி அருகே, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக ஒரு சமையலரைச் சமைக்க விடாமல் தடுத்தார்கள். நம் ஊரில் நடந்தது என்று நினைக்கவே தலை குனிகிறது. சாதி பார்த்துச் சமையலரைத் தடுப்பவர், சட்டத்துக்கு முன் குற்றவாளியாக நிற்க நேரிடும்.

சத்துணவில் பெயர் சேர்க்க வருமானச் சான்றும் வேண்டாம், பணமும் வேண்டாம். வகுப்பாசிரியரிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ சொன்னால் போதும். அந்தப் பல்லடத்து அம்மாவும் அப்புறம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் போனபோது பையன் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முட்டையைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தான். ஏன்டா கண்ணு, பிடிக்கலையா என்று கேட்டேன். “கடைசீல திங்கிறதுக்குங்க” என்றான்.