எபிகிராம்: பொறிப்புப்பா

கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல்; ‘கிரம்மா’ என்றால் எழுத்து. கல்லறைக் கல்லிலோ கோயில் காணிக்கையிலோ பொறித்த எழுத்துதான் முதலில் ‘எபிகிரம்மா’. ஆங்கிலம் வழியாக நமக்கு எபிகிராம் என்று வந்து சேர்ந்தது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பொன்மொழி’ என்றால் செய்யுள் என்பதே மறைந்துபோகும். ‘குறும்பா’ என்றால் லிமரிக் என்ற ஐந்தடி வேடிக்கைப் பாட்டுதான் நினைவுக்கு வரும். கடைசி அடியில் குத்துகிற நையாண்டி என்ற பொருள் வலுத்தது, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் மார்ஷியல் எழுதிய லத்தீன் பாட்டுகளால். அதற்குச் சில நூற்றாண்டு முந்திய கிரேக்கப் பெண் கவிஞர்கள்மேல் அதை ஏற்றக் கூடாது.

அவர்களில் ஒருவரான எரின்னாவின் பாட்டையே பாருங்கள். மணமான கையோடு இறந்த தோழி பவுக்கிஸ் தன் கல்லறைத் தூணிடம் பேசுகிறாள்: என் ஊர் தேனோஸ், தந்தை எனக்கு இட்ட பெயர் பவுக்கிஸ், தோழி எரின்னா இந்த எழுத்தைக் கல்லறையில் பொறித்தாள் என்று வழிப்போக்கரிடம் சொல். அங்கே ‘எழுத்து’ என்று வருவது அதே ‘கிரம்மா’தான். பெயரும் பீடும் எழுதிய நடுகல்லை அறிந்த நமக்கு இது அந்நியமில்லை.

வடிவம் பெரும்பாலும் ஈரடி இணை. முதலடிக்கு ஆறு சீர். இரண்டாமடிக்கு ஐஞ்சீரடி என்று பெயர். உள்ளே இருப்பதோ இரண்டரையும் இரண்டரையும். நடுவில் சொல் முடிந்தே ஆக வேண்டும். மொழிபெயர்க்கும்போது அந்த வெட்டை விட்டால் அடி தளர்ந்து உரைநடையாகிவிடும். தெகெயா ஊர் அனிட்டே, லோக்ரி ஊர் நொஸ்ஸிஸ் என்ற பெண் கவிஞர்கள் இருவரும் பெரும்பாலும் நான்கடியில் முடித்துக்கொள்வார்கள்.

நொஸ்ஸிஸ் ஹேரா தேவிக்குக் கொடுப்பது தானும் தாயும் நெய்த நார்த்துணி. தாய் தியோஃபிலிஸ், அவளுடைய தாய் கிளியோகா என்று வழியைப் பெண்கள் பெயராலேயே சொல்கிறார். தந்தை பெயர் இல்லை. பாலடைன் திரட்டு என்ற கிரேக்கப் பாட்டுத் தொகுப்பில் இப்படிப்பட்ட காணிக்கைப் பாட்டுகள் 6ஆம் நூலிலும், கல்லறைப் பாட்டுகள் 7ஆம் நூலிலும் இருக்கின்றன. மீரோ என்ற சிறுமி தன் வெட்டுக்கிளிக்கும் சில்வண்டுக்கும் எழுப்பிய கல்லறையைப் பற்றி அனிட்டே பேரில் வரும் பாட்டும் 7இல்தான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்குள் ஏட்டுக்கென்றே எழுதும் வழக்கமும் வந்துவிட்டதால் ‘கல்வெட்டு’ பொருந்தாது. பழங்கிரேக்கப் பாட்டுக்குப் ‘பொறிப்புப்பா’ சரி. உட்பிரிவுக்குக் கல்லறைப்பா, காணிக்கைப்பா. மார்ஷியல் வழி வந்த நையாண்டிக்கு எபிகிராம் என்றே விட்டுவிடலாம்.