பரணில் கிடக்கும் ரவுட்டரை டெஸ்க்டாப்போடு கோர்ப்பதற்கு முன்

ஃபைபர் மோடம் கீழே ஹாலில் இருக்கும், டெஸ்க்டாப் மாடி அறையில் இருக்கும், அதில் வைஃபை கார்டு கிடையாது, சுவரில் ஓட்டை போட்டு கேபிள் இழுக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார். சர்வீசுக்குப் போகும் பல வீடுகளில் இதுதான் கதை. அந்த வீட்டுப் பரணிலேயே பழைய ரவுட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கும். அதை வைத்தே வேலையை முடிக்கலாம், காசு செலவில்லை. ஆனால் யூடியூப் பார்த்துத் தாங்களே கோர்த்துவிட்டு, வீடு முழுக்க நெட் போச்சு என்று கூப்பிடுகிறவர்கள் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ரவுட்டரில் கிளையன்ட் மோட் இருக்கிறதா என்பது. சில கம்பெனிகள் இதை பிரிட்ஜ் என்றும், கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்யும் இன்னொன்றை டபிள்யூஐஎஸ்பி என்றும் போட்டிருப்பார்கள். இந்த மோடில் ரவுட்டர் வைஃபையைக் கொடுக்காது, உங்கள் செல்போனைப் போல ஏற்கெனவே இருக்கும் வைஃபையில் போய்ச் சேர்ந்து, கிடைத்த நெட்டைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குத் தரும். டெலிபோன் லைன் காலத்து மோடம்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரிப்பீட்டர் மோடிலும் நெட் வரும், ஆனால் ஒரே ரேடியோ வாங்கவும் வேண்டும் திருப்பி அனுப்பவும் வேண்டும், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு டெஸ்க்டாப்புக்காக அது தேவையில்லை.

வைஃபை பிடிக்கும் யூஎஸ்பி டாங்கிள் வாங்கினால் போதாதா என்பார்கள். போதும்தான். ஆனால் டிரைவர் தேடும் தொல்லை ரவுட்டரில் கிடையாது, பழைய விண்டோஸோ லினக்ஸோ எதுவானாலும் அதற்கு இது வெறும் கேபிள் நெட்தான். அப்புறம், இரும்பு மேஜைக்கு அடியில் சிபியுவின் முதுகில் ஒட்டிக்கிடக்கும் டாங்கிளை விட, ஜன்னல் ஓரம் தூக்கி வைத்த ரவுட்டரின் ஆன்டெனா சிக்னலை நன்றாகவே பிடிக்கும்.

இனி, நெட் போகும் கதை. ஈரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வைஃபை முழுசாகக் காட்டுகிறது, பில் போடும் கம்ப்யூட்டரிலும் போன்களிலும் எதுவும் திறக்கவில்லை. பார்த்தால் புதிதாகக் கோர்த்த பழைய ரவுட்டரிலும் டிஹெச்சிபி, அதாவது கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி, ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே நெட்வொர்க்கில் ஐபி முகவரி கொடுக்க இரண்டு பெட்டிகள் இருந்தால், முந்திப் பதில் சொல்வதைத்தான் கருவி எடுத்துக்கொள்ளும். பழைய பெட்டி முந்திவிட்டால், நெட்டுக்கு வழி என்று அது தன்னையே காட்டும், அதன் பின்னால் இன்டர்நெட் லைனே கிடையாது. போதாக்குறைக்கு இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி.

அதனால் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரின் கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள், பெரும்பாலும் நீல நிறத்தில் தனியாக இருக்கும் இன்டர்நெட் போர்ட்டில் வேண்டாம். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து மோடை மாற்றுங்கள், உங்கள் வைஃபையைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்ட் கொடுங்கள், ஐபியை 192.168.1.250 மாதிரி மெயின் ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காத எண்ணாக மாற்றுங்கள், கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். டபிள்யூஐஎஸ்பி மட்டும் விதிவிலக்கு, அது டெஸ்க்டாப்புக்கென்று தனி நெட்வொர்க் போடும். அதில் டிஹெச்சிபி ஓடத்தான் வேண்டும், ஐபியைத்தான் 192.168.5.1 போல வேறு வரிசைக்கு மாற்ற வேண்டும். அந்த மோடில், கீழே இருக்கும் போன்களிலிருந்து இந்த டெஸ்க்டாப்பில் பகிர்ந்த பிரின்டர் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப், வைஃபைக்குப் பூட்டாக இருக்கும் டபிள்யூபிஏ2-இல் கிராக் என்ற ஓட்டையை வெளியிட்டார். அது முக்கியமாகத் தாக்குவது வைஃபையில் போய்ச் சேரும் கருவிகளை. உங்கள் பழைய ரவுட்டர் வைஃபை கொடுத்துக்கொண்டிருந்தவரை பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரவில்லை, கிளையன்ட் ஆனதும் வந்துவிடுகிறது. தாக்குகிறவர் உங்கள் வைஃபை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பேங்க் தளங்களுக்குத் தனிப் பூட்டும் இருக்கிறது, அதனால் பதற வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு, இந்த ஓட்டையை அடைத்து ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். வராவிட்டால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரைப் போடலாம், ஆனால் 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள மலிவு மாடல்களுக்கு அதன் இப்போதைய பதிப்புகள் கிடையாது. அப்படிப்பட்ட பெட்டிக்கு நான் டாங்கிளைத்தான் சொல்வேன்.

பழைய ரவுட்டர் சேரவில்லை என்று மெயின் ரவுட்டரின் வைஃபை பூட்டை டபிள்யூபிஏ3-இலிருந்து, எளிதில் உடையும் பழைய டபிள்யூஇபி வரைக்கும் இறக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். வேகத்திலும் பேராசை கூடாது. பெட்டியில் 300 என்று அச்சடித்திருந்தாலும் பழைய ரவுட்டர்களின் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், அதற்கு மேல் வராது. அடாப்டரையும் பார்த்துச் செருகுங்கள், 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் பின்னும் பொருந்தும், போர்டு போய்விடலாம்.

அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வைஃபையில் இருக்கும் யாரும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம், பல மாடல்களில் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்ட் அங்கே மறைக்காமல் நிற்கும். அதே காரணத்துக்காக, நாளைக்கு இந்த ரவுட்டரைக் காயலான் கடைக்குப் போடும்போது இன்னொரு முறை ரீசெட் பண்ணிவிட்டுப் போடுங்கள்.