வருவதற்கு முன்பே போனவன்: கேமராவுக்குக் கேமரா ஏன் மணி மாறுகிறது?

குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "சார், போன மாதம் கடை வாசலில் நிறுத்தியிருந்த வண்டி காணாமல் போய்விட்டது. ஸ்டேஷனில் கேமரா பதிவு கேட்டார்கள். கடைக்குள் ஒரு டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி), பின்பக்கம் குடோனில் ஒரு டிவிஆர். கடை கேமராவில் அந்தப் பையன் தெருவுக்குள் நுழைவது 8.42. குடோன் கேமராவில் அவனே வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்சந்தில் போவது 8.37. வருவதற்கு முன்பே போயிருக்கிறான்! தீபாவளிக்கு மாட்டும்போது இரண்டிலும் ஒரே செல்போனைப் பார்த்துத்தான் மணி வைத்தார்கள். குடோன் மூலை ராசியில்லை, டிவிஆரை இடம் மாற்று என்கிறார் அப்பா. எஸ்.ஐ. என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். என்னதான் நடந்தது?"

அப்பா சொன்னதில் பாதி சரி. இடம் மாற்றினால் நிஜமாகவே கொஞ்சம் தேறும். காரணம்தான் வேறு.

டிவிஆருக்குள் மணி பார்ப்பது ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம். பள்ளி ஆய்வகத்து இசைக்கவை வடிவத்தில் வெட்டியிருப்பார்கள். நொடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒன்று. நம் கைக்கடிகாரத்திலும் இதே ஏற்பாடுதான். சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிழை இருக்கலாம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு நாளில் 86,400 நொடி இருப்பதால் அது நாளுக்கு 1.7 நொடி ஆகிறது.

இதில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் படிகங்களை 25 டிகிரியில் ஒழுங்காக ஓடும்படி வெட்டுகிறார்கள். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் வேகம் குறையும். விலகலின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 45 டிகிரியில் நாளுக்கு ஏறக்குறைய 1.2 நொடி பின்தங்கும். 60 டிகிரியில் 3.6 நொடி. மரமில்லாத மலை என்று பெயரெடுத்த நம் வேலூர்ப் பக்கத்துப் பாறைகள் மே மாதத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்கு அடியில், ஹார்டு டிஸ்க் சூட்டோடு, பரண் மேல் கிடக்கும் பெட்டிக்குள் 60 டிகிரி பெரிய விஷயமே இல்லை. கடைக்குள் இருப்பதற்கோ ஏசி. தீபாவளியிலிருந்து மே வரை 200 நாள் என்று வையுங்கள். நாளுக்கு 2 நொடி விலகினாலே ஏழு நிமிடம் ஆகிவிடும். சந்தைக் கடக்க அந்தப் பையனுக்கு இரண்டு நிமிடம் பிடித்திருந்தால் கணக்கு ஒத்துவருகிறது. எஸ்.ஐ.யிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு டிவிஆரின் திரையையும் செல்போனையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

சரி, செல்போனில் மட்டும் எப்படி மணி சரியாக இருக்கிறது? அதற்குள்ளும் இதே மாதிரிப் படிகம்தான். அது அடிக்கடி வெளியே கேட்டுத் திருத்திக்கொள்கிறது. எப்படிக் கேட்கிறது என்பதில்தான் எனக்குத் தீராத ஆசை.

'மணி என்ன' என்று டெல்லியில் இருக்கும் சர்வரைக் கேட்கிறீர்கள். அது '10 மணி 0 நிமிடம் 0 நொடி' என்று பதில் அனுப்புகிறது. பதில் உங்களை வந்து சேரும்போது அது பழைய மணி. வழியில் எவ்வளவு நேரம் போனது என்று தெரிந்தால் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வழியில் போன நேரத்தை அளக்க இரண்டு முனையிலும் ஒத்துப்போகிற கடிகாரம் வேண்டும். அது இல்லாததால்தானே கேட்கவே வந்தோம்!

இந்த முடிச்சை அவிழ்த்த நெறிமுறைக்கு என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. முதல் வரையறை 1985-இல் வந்தது. கண் நோயோடு பிறந்து, பிற்காலத்தில் பார்வையை முழுதும் இழந்தவர். 2024 ஜனவரியில் காலமானார். அவர் செய்ததை ரயிலில் ஏற்றிப் பார்ப்போம்.

காட்பாடியில் இருக்கிறீர்கள். உங்கள் கடிகாரம் தப்பு. எவ்வளவு தப்பு என்று தெரியாது. சென்னையில் ஒருவரிடம் சரியான கடிகாரம் இருக்கிறது. ஒரு ஆளிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறீர்கள். கிளம்பும்போது உங்கள் கடிகாரத்தில் 6.00, சீட்டில் குறித்துவிடுகிறீர்கள். சென்னைக்காரர் சீட்டை வாங்கும்போது தன் கடிகாரத்தில் 8.20 என்று எழுதுகிறார். திருப்பி அனுப்பும்போது 8.30 என்று எழுதுகிறார். ஆள் காட்பாடிக்குத் திரும்பும்போது உங்கள் கடிகாரத்தில் 10.10.

இப்போது கையில் நான்கு எண்கள். இரண்டு உங்கள் தப்பான கடிகாரத்தில் எடுத்தது, இரண்டு அவருடைய சரியான கடிகாரத்தில் எடுத்தது. உங்கள் கடிகாரத்தின்படி ஆள் வெளியே இருந்தது 4 மணி 10 நிமிடம். உங்கள் கடிகாரம் தப்பாக இருக்கலாம், ஆனால் 6.00-லும் அதே அளவு தப்பு, 10.10-லும் அதே அளவு தப்பு. கழித்தால் தப்பு தப்போடு அடிபட்டுப் போகிறது. சென்னையில் ஆள் காத்திருந்தது 10 நிமிடம். அதையும் கழித்தால் பயணம் மட்டும் சுத்தமாக 4 மணி நேரம். போக இரண்டு, வர இரண்டு. 8.30-க்குச் சென்னையில் ஏறியவர் 10.30-க்குக் காட்பாடியில் இறங்கியிருக்க வேண்டும். உங்கள் கடிகாரம் 10.10 காட்டுகிறது. ஆக, 20 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது.

ஒத்துப்போகாத இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொண்டே வழியின் நீளத்தையும் கடிகாரத்தின் பிழையையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்துவிட்டோம். கூட்டல் கழித்தல் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. 'போக இரண்டு, வர இரண்டு' என்று யார் சொன்னது? போகும்போது சிக்னல் எல்லாம் பச்சை, ஒரு மணி 40 நிமிடத்தில் போய்விட்டார். வரும்போது அரக்கோணத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள், 2 மணி 20 நிமிடம் ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் சீட்டில் அதே நான்கு எண்கள்தான் இருக்கும். உங்கள் கடிகாரமோ உண்மையில் 40 நிமிடம் பின்தங்கியிருக்கும்! நீங்களே போட்டுப் பாருங்கள்: 6.00 என்று நீங்கள் எழுதியபோது உண்மை மணி 6.40, சென்னையில் 8.20, திரும்பியது 10.50, உங்கள் கடிகாரத்தில் 10.10. நான்கு எண்களை எப்படிப் புரட்டினாலும் இந்தக் குட்டு வெளிப்படாது.

ஓட்டையை அடைக்க முடியாது. ஆனால் அதன் அளவுக்கு ஒரு எல்லை உண்டு: பிழை ஒருபோதும் மொத்தப் பயண நேரத்தின் பாதியைத் தாண்டாது. மில்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். தாமதம் எப்போதும் கூடத்தான் செய்யும். எந்த நெரிசலும் ஒரு பாக்கெட்டை (நெட்டில் போகும் தகவல் பொட்டலத்தை) இயல்பைவிடச் சீக்கிரம் கொண்டுசேர்க்காது. ஆகவே சீக்கிரம் போய்வந்த ஆள்தான் நம்பகமான ஆள். என்டிபி கடைசியாகப் போய்வந்த எட்டுப் பயணங்களை நினைவில் வைத்துக்கொண்டு, அவற்றில் ஆகக் குறைந்த நேரத்தில் திரும்பியதன் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். எட்டுக்கும் சராசரி போடுவதுதான் நமக்கு முதலில் தோன்றும். போட்டால் அரக்கோணத்தில் நின்றவனின் பொய்யும் கணக்கில் கலந்துவிடும்.

நிஜத்தில் இதெல்லாம் மில்லிநொடிகளில் நடக்கிறது. வேலூரிலிருந்து டெல்லி நேர்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் ஒருவழிக்கு 9 மில்லிநொடிக்குக் குறையவே குறையாது. கேபிள் ஊர் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். போய்வர 40 மில்லிநொடி ஆனால் பிழை 20 மில்லிநொடிக்கு மேல் போகாது. வண்டித் திருடனைப் பிடிக்க இது தாராளம்.

பிழை தெரிந்ததும் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடலாமா? முன்னால் தள்ளுவதில் தொல்லை குறைவு. பின்னால் திருப்பினால் ஒரே நொடி இரண்டு முறை வரும். லாக் (நடந்ததைச் சாதனம் மணியோடு எழுதி வைக்கும் குறிப்பு) வரிசை குழம்பும், பதிவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அதனால் பிழை 128 மில்லிநொடிக்குள் இருந்தால் முழு என்டிபி மென்பொருள் முள்ளைத் தொடாது. கடிகாரத்தின் வேகத்தை மட்டும் பத்து லட்சத்தில் 500 பங்குக்குள் கூட்டியோ குறைத்தோ மெல்லச் சரிக்கட்டும். கூடவே, 'இந்தப் படிகம் வழக்கமாக இவ்வளவு பின்தங்கும்' என்பதைக் கற்றுக்கொண்டு ஒரு கோப்பில் எழுதி வைக்கும். நெட் இல்லாத நேரத்திலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். கடைகளில் விற்கும் டிவிஆர்களில் பலவற்றில் இவ்வளவு நுணுக்கம் கிடையாது. குறித்த இடைவெளியில் ஒருமுறை கேட்டு, மணியைத் தூக்கி வைத்துவிடும். அதுவே போதும்.

சர்வருக்கு யார் மணி சொல்வது? அதற்கு மேலே ஒரு சர்வர், அதற்கும் மேலே இன்னொன்று என்று போய், கடைசியில் அணுக் கடிகாரத்திலோ செயற்கைக்கோள் சமிக்ஞையிலோ முடியும். இந்தப் படிகளுக்கு ஸ்ட்ராட்டம் என்று பெயர். அணுக் கடிகாரம் 0, அதோடு நேரே இணைந்த சர்வர் 1, இப்படியே 15 வரை. 16 என்று காட்டினால் அந்தச் சாதனம் யாரோடும் ஒத்திசையவில்லை என்று பொருள். இந்திய நேரத்துக்குப் பொறுப்பு டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

ஒரு காலத்தில் அந்தப் பொறுப்பு நம் பக்கம் இருந்தது. 1802-இல் ஜான் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வகத்தில் கணித்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். இந்திய ரயில்கள் நெடுங்காலம் அதன்படிதான் ஓடின. 1906-இல்தான் ஐந்தரை மணி நேரம் வந்தது. அந்த வானாய்வகத்தின் வாரிசான இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் ஆலங்காயத்துக்கு மேலே, பழைய வட ஆற்காட்டின் காவலூரில் தொலைநோக்கிகளை வைத்திருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தபோது, யுரேனஸ் மறைக்கும் முன்பே அந்த விண்மீன் மங்கியதைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பதிவுசெய்தது. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தது அந்த நிகழ்வில்தான். வெவ்வேறு இடங்களில் நொடிக்கணக்கில் நடந்த மங்கல்களை ஒப்பிடக் கடிகாரம் சரியாக இருந்தாக வேண்டும்.

ஐந்தரை மணி நேரம் என்பது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. வேலூர் இருப்பது 79.1 டிகிரியில். நம் உள்ளூர்ச் சூரிய நேரம் கடிகாரத்துக்குச் சுமார் 13 நிமிடம் பின்னால். திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 என்று அச்சிடுகிறார்களே, அது சூரியன் 6 மணிக்கு உதிக்கும் என்ற கணக்கு. வேலூரில் சூரியன் ஜூனில் 5.45-ஐ ஒட்டியும் ஜனவரி கடைசியில் 6.35-ஐத் தாண்டியும் உதிக்கிறது. 9 மணி அடித்த பிறகு ஷட்டரைத் தூக்குபவர் எந்தச் சூரியனுக்குப் பயப்படுகிறார் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

இன்னொரு ஆதங்கம். ராக்கெட் ஏறினால் நாடே கைதட்டுகிறது. அதற்குள் இருக்கும் கடிகாரத்தை யாரும் கேட்பதில்லை. நம் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் முதல் தலைமுறையில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய ருபிடியம் அணுக் கடிகாரங்கள் பழுதாகின. சொந்தமாகச் செய்த ருபிடியம் கடிகாரம் 2023 மே மாதத்தில் என்விஎஸ்-01 செயற்கைக்கோளோடுதான் மேலே போனது. அளவியல் ஆய்வகங்களுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் போட்டோ எடுத்துப் போட எதுவும் கிடைக்காது என்பதால் அதைக் கடைசியில் வைப்பது தப்பு என்று நினைக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். டிவிஆரோ ரௌட்டரோ நெட்வொர்க் ஸ்விட்சோ, முதலில் டைம் ஜோனை ஐந்தரை என்று வையுங்கள். சாதனம் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். ஐந்தரையைக் காட்டும்போது மட்டும் கூட்டும். பேட்டரி இல்லாத மலிவு ரௌட்டர்கள் கரண்ட் போய் வந்ததும் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டுவது இதனால்தான். கணினிகள் நொடி எண்ணத் தொடங்கும் நள்ளிரவு நமக்கு அந்த நேரம். 'டேலைட் சேவிங்' இருந்தால் அணைத்துவிடுங்கள், நமக்கு அது கிடையாது. அப்புறம் என்டிபியை இயக்கி, தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது தேசியத் தகவல் மையத்தின் சர்வரைக் கொடுங்கள். நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில், என்டிபி போய்வரும் வாசலான யுடிபி 123 வெளியே போக வழிவிட வேண்டும். 'எல்லாம் சரியாகப் போட்டேன், ஒத்திசையவே மாட்டேன் என்கிறது' என்ற புலம்பலில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கல்லூரி, ஆலை மாதிரி பெரிய இடம் என்றால் ஒவ்வொரு ஸ்விட்சையும் டெல்லிக்கு அனுப்பாதீர்கள். நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு வெளியே கேட்கட்டும், மற்றவை அவற்றிடம் கேட்கட்டும். வெளியே கேட்பதற்கு ஒரு சர்வர் வையுங்கள், இல்லையென்றால் நான்கு வையுங்கள். இரண்டு மட்டும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு மணி சொன்னால் யார் பொய் சொல்கிறார் என்று தெரியாது. மூன்று இருந்தால் பொய்யன் அகப்படுவான். நான்காவது, ஒன்று படுத்துவிட்டால் உதவும். சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் 'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' என்று அடித்துப் பாருங்கள். நட்சத்திரக் குறி எந்த சர்வர் முன்னால் இருக்கிறதோ, அதைத்தான் சாதனம் பின்பற்றுகிறது. 'ரீச்' என்ற இடத்தில் 377 என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்; இரும முறையில் எட்டு ஒன்றுகள். கடைசி எட்டு முறையும் பதில் வந்தது என்று பொருள்.

2022 ஏப்ரல் 28-இல் கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மேலே சொன்ன இயற்பியல் ஆய்வகம், தகவல் மையம் ஆகிய இரண்டு அரசு இடங்களின் சர்வர்களோடோ அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடோ ஒத்திசைக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். மணி தப்பான லாக்கை 180 நாள் வைத்திருந்து ஒரு பயனும் இல்லை என்பதால் இரண்டையும் ஒரே உத்தரவில் சேர்த்தது நியாயம்தான்.

புதிதாகச் சாதனம் வாங்குபவர்கள் ஒரு தேதியைக் கேட்டு வையுங்கள். என்டிபி 1900 ஜனவரி 1-லிருந்து 32 பிட்டில் நொடி எண்ணுகிறது. 2036 பிப்ரவரி 7 அன்று எண்ணிக்கை நிரம்பி மறுபடியும் சுழியத்துக்கு வரும். இப்போதைய நான்காம் பதிப்பில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் சரியாக எழுதாத பெட்டிகள் அன்று 1900-க்குப் போய்விடலாம். பதினைந்து வருஷம் உழைக்கும் என்று சொல்லி விற்பவரிடம் இதையும் கேளுங்கள்.