மணி அடித்த பிறகும் முடியாத பள்ளி

ஆலோசனைக்கு வரும் ஆசிரியர்களில் மிகச் சிலரே 'மன அழுத்தம்' என்ற சொல்லோடு என்னிடம் வருகிறார்கள். மற்றவர்கள் தலைவலி என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டினால் அதற்குப் பிறகு தூக்கமே வருவதில்லை என்பார்கள். சொந்தப் பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டால்கூட எரிந்து விழுகிறேன் என்று சொல்லிக் கண்கலங்குவார்கள். விடுமுறை நாளின் மாலை நெருங்கினாலே வயிற்றைப் பிசைகிறது என்றார் ஓர் ஆசிரியை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், பாடம் நடத்துவதில் எந்தக் குறையும் இல்லாதவர். பள்ளியை வெறுக்கத் தொடங்கிவிட்டோமோ என்ற பயம்தான் அவரை வாட்டியது. பேசப் பேசத் தெரிந்தது, அவர் ஓய்ந்துபோயிருந்தார். வெறுப்பும் ஓய்ச்சலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த ஓய்ச்சல் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து 1968இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஓர் ஆசிரியர் ஒரே நாளில் மற்றவர்களோடு கொள்ளும் பேச்சும் பதிலும் ஆயிரம் வரை போகலாம் என்றார் அவர். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன முடிவு எடுக்க வேண்டும். பதில் சொல்வதா, கேட்காததுபோல் விடுவதா, அதட்டுவதா, ஒரு பார்வையோடு நிறுத்துவதா? இதற்கு நடுவே முகத்தையும் குரலையும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், சிரிக்கத் தோன்றாதபோதும் சிரித்தாக வேண்டிய இந்த வேலைக்கு 1983இல் 'உணர்வு உழைப்பு' என்று பெயரிட்டார். எந்தப் பணிப் பதிவேட்டிலும் ஏறாத உழைப்பு இது.

அழுத்தம் இப்படித் துளித்துளியாகச் சேரும்போது, நாம் மட்டும் ஆண்டு விடுமுறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறோம். விடுமுறை தரும் தெம்பு, பணிக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுகச் சிறுக ஏறிய சுமையை அன்றன்றைக்கே சிறுகச் சிறுக இறக்க வேண்டும். ஆசிரியர்களிடம் நான் முதலில் பேசுவது இதைத்தான்.

நேரமே இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு கணித ஆசிரியர் எனக்கே ஒரு வழியைக் கற்றுக்கொடுத்தார். பாடவேளையின் தொடக்கத்தில் கரும்பலகையை அழிக்கும் அரை நிமிடம் வகுப்புக்கு முதுகு காட்டி நிற்கிறோம் அல்லவா, அந்த அரை நிமிடத்தை அவர் தனக்கென்று வைத்துக்கொண்டார். மெதுவாக அழிப்பார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை இரண்டு மடங்கு நீட்டுவார், நான்கைந்து முறை. மூச்சை வெளியே விடும்போது, மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. உடலின் அமைப்பே அப்படி. முந்தைய வகுப்பில் மூண்ட கோபத்தை அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாமல் இருக்க அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்கள் மிகவும் அலட்சியப்படுத்துவது அதைத்தான். அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையேனும் குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம். மற்ற வேலைகளில் இருப்பவர்களில் அது 28.8 சதவீதம்தான். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விவரித்த இயல்பு அது. வகுப்பு சத்தம் போடுகிறது, ஆசிரியர் அதை மீறிக் கத்துகிறார், அவரை மீறி வகுப்பு கத்துகிறது. மாலையில் தொண்டை எரிகிறது. ஓயாமல் கத்தும் உடல், தான் ஏதோ ஆபத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது என்பது என் அனுபவம். ஆகவே சத்தத்தோடு போட்டி போடாதீர்கள். கையைத் தட்டுங்கள், மேசையைத் தட்டுங்கள், கையை உயர்த்தி அமைதியாக நில்லுங்கள். எந்தச் சைகையானாலும் அதையே தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று வாரங்களில் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். அந்த இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்பதற்காகத் தண்ணீரையே தவிர்க்கும் ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

இனி கோபம். ஒரு மாணவன் எதிர்த்துப் பேசுகிறான், நாற்பது முகங்கள் நம்மையே பார்க்கின்றன. 'வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்துகிறான்' என்று மனம் சொல்லிவிட்டால் இரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்? அந்த நொடியில் நல்ல பதில் வாயில் வராது. ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்: "பாடம் முடிந்ததும் நீயும் நானும் பேசுவோம்." இது விட்டுக்கொடுப்பது ஆகாது. வேடிக்கை பார்க்கும் கூட்டம் கலைகிறது, அவனுக்கும் முகம் கெடாமல் பின்வாங்க வழி கிடைக்கிறது, உங்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்தச் சில நிமிடங்களில் 'இன்று காலை இவன் வீட்டில் என்ன நடந்திருக்கும்?' என்ற கேள்வி தோன்ற இடமிருக்கிறது.

மாலைக்கு வருவோம். ஓர் அறிவியல் ஆசிரியையிடம் விடைத்தாள் கட்டு இருந்த பை ஒன்று இருந்தது. தினமும் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார், பல நாட்கள் திறக்காமலே மறுநாள் திரும்பக் கொண்டுவருவார். தோளிலிருந்து இறங்கிய அந்தச் சுமை இரவெல்லாம் மனத்திலிருந்து இறங்கவில்லை. முடியாத வேலை நினைவில் வந்து வந்து தொந்தரவு செய்யும். ஆனால் அதை எப்போது, எங்கே, எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே அந்தத் தொந்தரவு குறைகிறது என்று 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள். வேலையை முடிக்கவே வேண்டியதில்லை, திட்டம் போதும். அந்த ஆசிரியை பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "நாளை மூன்றாம் பாடவேளை, நூலகத்தில், பத்துத் தாள்" என்று எழுதி வைக்கத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பையை எடுத்துப் போனார், அந்த இரண்டு நாளும் கட்டாயம் திறந்தார். பெற்றோர் குழு, பள்ளிக் குழு என்று கைபேசியில் வரும் செய்திகளுக்கும் இப்படி ஒரு நேரம் குறியுங்கள். இரவு பத்து மணிக்கு வரும் கேள்விக்குக் காலையில் பதில் சொன்னால் எந்தக் குழந்தையின் படிப்பும் கெடாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடத்தில் நீடிக்கும், சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. சக்தியெல்லாம் வற்றிப்போதல், வேலையின்மேல் விலகலும் கசப்பும், எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வேர் பணியிடத்தில் இருக்கும்போது ஆசிரியர் மட்டும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருப்பது நியாயமாகாது. தலைமையாசிரியர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் என் வேண்டுகோள் இது: ஓய்வுப் பாடவேளையைப் பதிலி வகுப்புகளால் நிரப்பாதீர்கள். ஒரே தகவலை மூன்று பதிவேடுகளில் எழுதச் சொல்லாதீர்கள். கனடாவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசிரியரின் பணிச்சோர்வு அதிகமாக இருந்த வகுப்புகளில் அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் காலை நேர அளவும் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது. எது எதற்குக் காரணம் என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் ஆசிரியரின் நலத்தையும் மாணவரின் நலத்தையும் தனித்தனியாக எண்ண முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

சக ஆசிரியர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவது பெரிய ஆறுதல். ஆனால் தினமும் அதே குறையை அதே ஆளிடம் சுற்றிச் சுற்றிச் சொல்வது புண்ணைக் கிளறுவதாகிவிடும். பேச்சின் முடிவில் "சரி, நாளைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே உதவி தேடுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஆலோசகரிடம் முதல் முறை வரும்போது ஒரு தாளில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எந்தப் பாடவேளைக்குப் பிறகு தலைவலி வந்தது என்று ஒரு வாரக் கணக்கை எழுதிக் கொண்டுவாருங்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தத் தாளை வைத்தே இருவரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.