இரவை அளக்கும் இலைகள்

வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் அக்டோபர் மாதம் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். மேப்பிள் மரம் மஞ்சளும் சிவப்புமாகிக் கடையைக் கட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியிலேயே சாமந்தியும் ஆஸ்டரும் அப்போதுதான் மொட்டவிழ்க்கும். எல்லாம் குளிர் செய்யும் வேலை என்று நினைக்கத் தோன்றும். குளிருக்கும் பங்கு உண்டுதான். ஆனால் இரண்டுக்கும் முதல் தகவல் இரவின் நீளத்திலிருந்து வருகிறது.

குளிரை நம்ப முடியாது. செப்டம்பரில் ஒரு வாரம் நடுங்க வைத்துவிட்டு, நவம்பரில் வெயில் அடிக்கும். இரவு அப்படி இல்லை. அந்த ஊரில் ஜூன் கடைசியில் இரவு சுமார் 9 மணி நேரம், அக்டோபர் கடைசியில் 13 மணி நேரம். எந்த ஆண்டும் இந்தக் கணக்கு பிசகாது.

இது தெரியவந்ததற்கு ஒரு புகையிலைச் செடிதான் காரணம். 'மேரிலாந்து மம்மோத்' என்ற அந்த ரகம் கோடை முழுக்க ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தது, ஆனால் பூக்கவே இல்லை. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் வைத்தால் சின்னச் செடியிலேயே பூத்தது. அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் ஆலார்டும் பல காரணங்களைத் தேடிப் பார்த்தார்கள். கடைசியில் 1918 கோடையில், பிற்பகலிலேயே தொட்டிகளை ஓர் இருட்டு அறைக்குள் தள்ளிவிட்டார்கள். செடி பூத்துவிட்டது! 1920இல் முடிவுகளை வெளியிட்டபோது பகலின் நீளம்தான் முக்கியம் என்று எழுதினார்கள். 1938இல் அமெரிக்கத் தாவரவியலாளர்கள் ஹாம்னரும் பானரும் அதைத் திருப்பிப் போட்டார்கள். மருளூமத்தைச் செடியின் பகலுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் ஒன்றும் ஆகவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டால் பூக்கவே இல்லை. ஆக, செடி அளப்பது இரவைத்தான், அதுவும் இடையில் அறுபடாத இரவை.

அளக்கும் இடம் இலை. அதிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி, சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கும், இருட்டிலோ அதைவிட அலைநீளம் கூடிய ஒளியிலோ இன்னொரு வடிவத்துக்கும் மாறும். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்ல, நேரத்தை எண்ணுவது செடிக்குள் இருக்கும் நாள்கடிகாரம். இருட்டு போதுமான அளவு நீண்டதும் சாமந்தி இலையில் ஒரு புரதம் உருவாகி, சாறு ஓடும் குழாய்கள் வழியே தண்டின் நுனிக்குப் போகிறது. அங்கே இலை விட்டுக்கொண்டிருந்த குருத்து, மொட்டு வைக்கத் தொடங்குகிறது.

மேப்பிளில் நடப்பது இதற்கு நேர் எதிர். நீளும் இரவு, அங்கே பச்சையத்தைச் சிதைக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. இலையின் புரதங்கள் உடைகின்றன, அவற்றிலிருக்கும் நைட்ரஜனைக் கிளை திரும்ப வாங்கிக்கொள்கிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு அடுக்கு வளர்கிறது. மஞ்சள் நிறம் புதிதாக வருவதில்லை. பச்சையத்துக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். சிவப்பு அப்படியல்ல. விழப்போகிற இலை, இருக்கிற சர்க்கரையைச் செலவழித்து ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் நிறம் இன்னும் அடர்த்தியாகும்.

சாகப்போகிற இலைக்கு இந்தச் செலவு எதற்கு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. நைட்ரஜனை மீட்கும் வேலை முடிவதற்குள் வெயில் இலையைச் சிதைத்துவிடாமல் காக்கும் திரை என்பது ஒரு கட்சி. முட்டையிட வரும் அசுவினிப் பூச்சிகளுக்கு எச்சரிக்கை என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதல் கட்சிதான் நியாயமாகப் படுகிறது, வெயில் படும் பக்கத்து இலைகளே அதிகம் சிவப்பதால்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. வரவேற்பறை விளக்கு இரவு பதினொரு மணி வரை எரியும் இடத்தில் பாயின்செட்டியா வைத்தால் (நீண்ட இரவில் நுனி இலைகள் சிவக்கும் அலங்காரச் செடி அது) அது சிவக்காது. உரம் போட்டும் பயன் இல்லை, தொட்டியை, பகலில் வெளிச்சம் வந்து இரவில் விளக்கு எரியாத அறைக்கு மாற்றினால் போதும். தெருவிளக்கை ஒட்டிய கிளைகளில் இலை தாமதமாக உதிர்வதும் இதனால்தான்.

மலர் வியாபாரமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் கோடையில் சாமந்தி வேண்டுமென்றால், மாலையிலேயே செடிகளைக் கறுப்புத் துணியால் மூடுகிறார்கள். ஓசூர்ப் பக்கம் பிரச்சினை வேறு. அங்கே ஜூன் மாதத்து இரவே 11 மணி நேரம் இருப்பதால், தண்டோடு வெட்டி விற்கும் கொய்மலர்ச் சாமந்தி, தண்டு நீள்வதற்குள் மொட்டு வைத்துவிடும். அதனால் முதல் சில வாரங்கள் இரவில் பல்பு எரிய விட்டு, தண்டு வேண்டிய உயரம் வந்ததும் அணைத்துவிடுகிறார்கள்.